மலைமேல் ஒரு 'சமநிலம்'

மாணவர்களே, தானா ராத்தா என்ற பெயரை மலாய் மொழியில் ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். 'தானா' என்றால் நிலம், 'ராத்தா' என்றால் சமமானது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில், நாலாபுறமும் மலைகள் சூழ்ந்திருக்கும் ஒரு சிற்றூருக்குச் 'சமநிலம்' என்று பெயர்! கேமரன் மலையில் சுற்றுலாப் பயணிகள் அதிகம் தங்கும் ஊர்களில் இதுவும் ஒன்று. கடைத்தெருவை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்தே பார்த்துவிடலாம்.

சிலிம் ரிவரில் இருக்கும் நமக்கு இது தூரத்து ஊரும் இல்லை. துரோலாக், சுங்கை, பீடோர் தாண்டினால் தாப்பா. அங்கிருந்து வலப்பக்கம் திரும்பி, வளைந்து வளைந்து ஏறும் பழைய மலைப்பாதையில் போனால் முதலில் ரிங்லெட், பிறகு தானா ராத்தா, அதற்கும் மேலே பிரிஞ்சாங். பள்ளி விடுமுறையில் உங்களில் பலர் போயிருப்பீர்கள். ஸ்ட்ராபெரி பறித்திருப்பீர்கள், கம்பளித் தொப்பி வாங்கியிருப்பீர்கள். அந்த ஊரின் உண்மையான வியப்புகள் கடைகளில் விற்பவை அல்ல என்பது என் கருத்து. அவற்றைப் பார்க்க ஒரு வெப்பமானியும் ஒரு காலிப் புட்டியும் போதும்.

சூரியனுக்குப் பக்கத்தில் போயும் ஏன் குளிர்கிறது?

படிவம் ஒன்று மாணவர்களிடம் ஆண்டுதோறும் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். "மலை ஏறினால் சூரியனை நெருங்குகிறோமே, சூடு கூடத்தானே வேண்டும்?" வகுப்பில் சிறிது நேரம் அமைதி நிலவும். பிறகு யாராவது ஒருவர், "மரம் நிறைய இருக்கு சார், அதான்" என்பார். நம் ஊரைச் சுற்றியும்தான் மரங்கள் இருக்கின்றன. இங்கே குளிரவில்லையே!

முதலில் அந்த 'நெருங்குதல்' எவ்வளவு என்று பார்ப்போம். சூரியன் நம்மிடமிருந்து சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. தானா ராத்தாவுக்கு ஏறினால் நாம் நெருங்குவது 1.4 கிலோமீட்டர். அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு. இதை இன்னொரு எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழு வட்டம் இல்லை. அதனால் ஜனவரி மாதத்தில் நாம் ஜூலை மாதத்தைவிட ஏறக்குறைய 50 லட்சம் கிலோமீட்டர் சூரியனுக்கு நெருக்கமாக இருக்கிறோம். பொங்கல் சமயத்தில் யாராவது அதை உணர்ந்தோமா? 50 லட்சம் கிலோமீட்டரையே உணராத நாம் 1.4 கிலோமீட்டரை எப்படி உணர்வோம்?

அப்படியானால் குளிர் எங்கிருந்து வருகிறது? சூரிய ஒளி காற்றை நேரடியாக அவ்வளவாகச் சூடாக்குவதில்லை. பெரும்பாலான ஒளி காற்றைக் கடந்துவந்து தரையைச் சூடாக்குகிறது. சூடான தரை தன்மேல் இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. நம் வளிமண்டலம் அடுப்பின் மேல் வைத்த பாத்திரம் போல, கீழிருந்து சூடாகிறது. சூடான காற்று மேலெழும்புகிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் காற்று விரிகிறது. விரிவதற்கு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலைக் காற்று தன்னிடமுள்ள வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. விளைவு, அது குளிர்ந்துபோகிறது.

இதன் எதிர்வினையை நீங்கள் கையாலேயே தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாகிறதல்லவா? அங்கே காற்று அமுக்கப்படுகிறது, சூடாகிறது. மலைச்சரிவில் காற்று விரிகிறது, குளிர்கிறது. ஒரே விதியின் இரண்டு பக்கங்கள்.

காற்றின் ஈரத்தைப் பொறுத்து இந்தக் குளிர்ச்சி கூடும், குறையும். சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நம் சிலிம் ரிவர் கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரம்கூட இல்லாத ஊர். உயர வேறுபாட்டைத் தோராயமாக 1,400 மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், 1.4 பெருக்கல் 6.5, கிட்டத்தட்ட 9 பாகை. நம் ஊரில் நண்பகலில் 32 பாகை என்றால் தானா ராத்தாவில் 23 பாகை இருக்க வேண்டும். போய் அளந்து பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு பாகைக்குள்தான் விடை தவறும். ஒரு பெருக்கல் கணக்கை வைத்துக்கொண்டு, இன்னும் போகாத ஊரின் வெப்பநிலையை வீட்டில் உட்கார்ந்தபடியே சொல்ல முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

மலேசியாவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையும் கேமரன் மலையில்தான். 1978 பிப்ரவரி 1ஆம் தேதி அங்கே வெப்பமானி 7.8 பாகை செல்சியஸ் காட்டியது. நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உட்புறம் சுமார் 4 பாகை. நினைத்துப் பாருங்கள்!

பேருந்தில் செய்யக்கூடிய ஓர் ஆய்வு

அடுத்தமுறை போகும்போது 1.5 லிட்டர் காலிப் புட்டி ஒன்றைக் கொண்டுபோங்கள். மெல்லிய பிளாஸ்டிக்காக இருந்தால் நல்லது. தானா ராத்தாவில் மூடியைத் திறந்து, ஒரு நிமிடம் கழித்து இறுக மூடிப் பைக்குள் வைத்துவிடுங்கள். தாப்பாவுக்கு இறங்கியதும் எடுத்துப் பாருங்கள். யாரோ மிதித்ததுபோல் நசுங்கியிருக்கும்.

மிதித்தது காற்றுதான். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 1,010 ஹெக்டோபாஸ்கல். தானா ராத்தாவில் அது சுமார் 850. மேலே பிடித்த மெல்லிய காற்றைக் கீழே உள்ள கனத்த காற்று நெருக்குகிறது. கீழே இறங்கும்போது புட்டிக்குள் இருக்கும் காற்று கொஞ்சம் சூடாகி விரியப் பார்க்கும், ஆனாலும் அழுத்தமே ஜெயிக்கும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 200 மில்லிலிட்டர், அதாவது ஒரு சிறு குவளை அளவு, கொள்ளளவு குறைந்திருக்கும். படிவம் நான்கில் இருப்பவர்கள் பாயில் விதியையும் சார்ல்ஸ் விதியையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கலாம். மேலே ஏறும்போது மொறுவல் பொட்டலம் உப்பிக்கொண்டு வருவதும், காது அடைப்பதும் இதே காரணத்தால்தான். எச்சில் விழுங்கினால் காது திறந்துகொள்ளும், தெரியும்தானே.

அழுத்தம் குறைந்தால் தண்ணீரும் சீக்கிரமே கொதிக்கும். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை சுமார் 1 பாகை இறங்குகிறது. தானா ராத்தாவில் தண்ணீர் ஏறக்குறைய 95 பாகையிலேயே தளதளவென்று கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு தீ வைத்தாலும் தண்ணீர் ஆவியாகுமே தவிர அதன் சூடு ஏறாது. அதனால் அங்கே பருப்பு வேக நேரம் பிடிக்கும். அங்குள்ள அம்மாக்கள் பிரஷர் குக்கரை விடாமல் பயன்படுத்துவதற்கு அறிவியல் காரணம் இருக்கிறது. குக்கர் மூடியைப் போட்டதும் உள்ளே அழுத்தம் கூடுகிறது, கொதிநிலையும் ஏறுகிறது.

இன்னொன்று. குளிர்கிறதே என்று வெயிலை அலட்சியம் செய்துவிடாதீர்கள். மேலே காற்று மெல்லியது என்பதால் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் திரையும் மெல்லியது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் இக்கதிர்களின் வலிமை சுமார் 10 விழுக்காடு கூடுகிறது. உடல் நடுங்கிக்கொண்டிருக்கும்போதே முகம் கருத்துப்போவது இதனால்தான்.

வரைபடத்தில் விழாத மலை

கேமரன் என்பவர் யார் என்று தெரியுமா? வில்லியம் கேமரன், பிரிட்டிஷ் நில அளவையாளர். 1885ஆம் ஆண்டு பேராக், பகாங் எல்லைப் பகுதியை அளக்கப் போன அவர், மலைகளுக்கு நடுவே மென்மையான சரிவுகள் கொண்ட ஒரு மேட்டுநிலத்தைக் கண்டதாக அறிக்கை எழுதினார். ஆனால் கண்ட இடத்தை வரைபடத்தில் சரியாகக் குறித்துவைக்கவில்லை. மறு ஆண்டே இறந்தும் போனார். அளவையாளர் ஒருவரின் பெயர் தாங்கிய மலைக்கு, அவருடைய வரைபடத்திலேயே இடம் இல்லை! அதன்பின் சுமார் 40 ஆண்டுகள் கழித்து, 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்கே போய்ப் பார்த்த பிறகுதான் மலை வாசத்தலம் அமைக்கும் திட்டம் வேகம் பிடித்தது. தாப்பாவிலிருந்து சாலை 1931இல் மேலே எட்டியது.

'கண்டுபிடித்தார்' என்று பாடப்புத்தகங்கள் எழுதும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். செமாய் பூர்வகுடி மக்கள் அந்த மலைச்சரிவுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தவர்கள். அவர்களுக்கு அந்த நிலம் தொலையவும் இல்லை, கிடைக்கவும் இல்லை.

அந்தக் காடு எவ்வளவு அடர்த்தியானது என்பதற்கு ஓர் உண்மைக் கதையும் உண்டு. தாய்லாந்துப் பட்டை உலகப் புகழ்பெறச் செய்த ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர், 1967 மார்ச் 26ஆம் தேதி, தங்கியிருந்த பங்களாவிலிருந்து நடக்கப் போனார். திரும்பவில்லை. பெரிய தேடுதல் வேட்டை நடந்தது. பூர்வகுடி வழிகாட்டிகளும் தேடினார்கள். ஒரு தடயமும் கிடைக்கவில்லை, இன்றுவரை.

கீழே பால்மரம், மேலே கொழுந்து

நம்மில் பலருடைய தாத்தா பாட்டிமார் சிலிம் ரிவர், துரோலாக், சுங்கை பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள். அவர்களுடைய உறவினர்களில் சிலர் மலைமேல் கொழுந்து பறித்தார்கள். இங்கே ரப்பர், அங்கே தேயிலை என்று பிரித்தது யார்? தோட்டத்துரைமார்களா? துரைக்கும் மேலே ஒருவர் இருந்தார், அவர் பெயர் உயரம்.

ரப்பர் மரம் அமேசான் காட்டுச் சமவெளியிலிருந்து வந்தது. ஆண்டு முழுவதும் 25 முதல் 30 பாகை வெப்பம் இருந்தால்தான் நன்றாக வளரும். தானா ராத்தாவின் சராசரி வெப்பநிலை சுமார் 18 பாகை. அந்தக் குளிரில் ரப்பர் கன்று நட்டால் வளர்ச்சி மந்தமாகி நின்றுவிடும். தேயிலைச் செடிக்கோ குளிர்ந்த இரவும், மூடுபனியும், அடிக்கடி தூறும் மழையும் பிடிக்கும். குளிரில் இலை மெல்ல வளர்கிறது. மெல்ல வளரும் இளம் இலையில் சுவைக்கும் மணத்துக்கும் காரணமான வேதிப்பொருள்கள் செறிந்து சேர்கின்றன. ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்க மலையைத் தேடிப் போனதற்குப் பின்னால் இந்தத் தாவரவியல் இருக்கிறது.

நீங்கள் மலைச்சரிவில் காணும் அந்தப் பச்சைக் கம்பளம் இயற்கையானது இல்லை. கவாத்து செய்யாமல் விட்டால் தேயிலை பல மீட்டர் உயரத்துக்கு மரமாகவே வளர்ந்துவிடும். இடுப்பளவில் வெட்டி வெட்டி வைத்திருப்பதால்தான் அது செடியாகத் தெரிகிறது. நுனியை வெட்டினால் பக்கக் கிளைகள் பெருகும், கொழுந்தும் பெருகும். உச்சி மொட்டில் சுரக்கும் ஆக்சின் என்ற வளரூக்கி பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. உச்சியைக் கிள்ளியதும் அந்த அடக்குமுறை நீங்குகிறது. உயிரியல் படிக்காத நம் பாட்டிமார் இதை விரல் நுனியில் வைத்திருந்தார்கள்.

ஸ்ட்ராபெரியை விட்டுவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். ஒரே வரி: சிவப்பாக நாம் தின்பது பூவின் வீங்கிய தண்டுப்பகுதி, மேலே விதைபோல ஒட்டியிருப்பவைதாம் உண்மையான கனிகள். போகட்டும்.

மேகத்தைக் குடிக்கும் காடு

பிரிஞ்சாங் மலையின் உச்சி 2,000 மீட்டரைத் தாண்டுகிறது. அங்கே போனால் காடே குள்ளமாகிவிடும். மரங்கள் முறுக்கிக்கொண்டு, கிளை முழுக்கப் பாசி போர்த்தி நிற்கும். இதைப் பாசிக் காடு என்கிறார்கள். மேகக் காடு என்றாலும் பொருந்தும்.

கீழிருந்து ஏறும் ஈரக்காற்று குளிர்ந்து, நீராவி துளிகளாகி, மேகமாக மாறும் உயரம் ஏறக்குறைய இதுதான். மேகம் காட்டுக்குள்ளேயே புகுந்து நடக்கிறது. பாசி தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளக் கூடியது. மழை பெய்யாத நாளிலும் மேகத்திலிருந்து நீரை வடித்தெடுத்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குக் கொடுக்கிறது. மலையில் ஓடும் சிற்றாறுகள் மழை நின்ற பிறகும் வற்றாமல் ஓடுவதில் இந்தக் காட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. குளிரில் சருகுகள் மெல்லத்தான் மட்கும். அதனால் மண்ணில் நைட்ரஜன் குறைவு. அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டப் பூச்சிகளைப் பிடித்துச் செரிக்கும் குடுவைத் தாவரங்கள் அங்கே உண்டு.

இந்தக் காடு ஒரு குறுகிய உயரப் பட்டைக்குள்தான் வாழ முடியும். காற்று சூடானால் மேகம் உருவாகும் உயரமும் மேலே போகும். காடும் மேலேதான் ஏற வேண்டும். உச்சிக்கு மேல் ஏற இடம் ஏது?

மேலே குளிர், அடியில் வெந்நீர்

இப்போது நம் ஊர்ப் பக்கம் திரும்புவோம். சிலிம் ரிவருக்குப் பக்கத்தில் உலு சிலிம் வெந்நீர் ஊற்று இருப்பது உங்களுக்குத் தெரியும். முட்டை வேகும் அளவுக்குச் சூடு. தானா ராத்தாவின் குளிருக்கும் இந்த வெந்நீருக்கும் என்ன உறவு? இரண்டும் ஒரே மலைத்தொடரின் பிள்ளைகள்.

திதிவாங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கிரானைட் கல்லால் ஆனது. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில் உருகிய பாறைக்குழம்பு பல கிலோமீட்டர் ஆழத்திலேயே மெல்லக் குளிர்ந்து கிரானைட் ஆயிற்று. மேலே மூடியிருந்த பாறைகளைக் கோடிக்கணக்கான ஆண்டு மழை அரித்துக் கரைத்த பிறகு அது வெளியே தலைகாட்டியது. பேராக்கைப் பணக்கார மாநிலமாக்கிய ஈயமும் இந்தக் கிரானைட்டோடு வந்ததுதான். ஈயத் தாதுவை ஆறுகள் அரித்துக் கொண்டுவந்து கிந்தா பள்ளத்தாக்கில் கொட்டின. ஈப்போ நகரம் எழுந்தது.

வெந்நீர் ஊற்று என்றதும் எரிமலையை நினைக்காதீர்கள். இங்கே எரிமலை கிடையாது. மழைநீர் கிரானைட்டின் வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 25 முதல் 30 பாகை சூடு கூடும். கிரானைட்டில் சிறிதளவு உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் போன்றவற்றின் கதிரியக்கமும் கொஞ்சம் வெப்பம் தருகிறது. ஆழத்தில் சூடான நீர், பாறைப் பிளவு ஒன்றின் வழியாக விரைவாக மேலே வந்துவிட்டால் ஆறிப்போகாமல் வெந்நீராகவே வெளிவருகிறது.

இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிலிம் ரிவரிலிருந்து ஒரு கிலோமீட்டர் மேலே போனால் 6.5 பாகை குறையும். ஒரு கிலோமீட்டர் கீழே போனால் 25 பாகைக்குமேல் கூடும். நாம் இரண்டுக்கும் நடுவில், மெல்லிய ஒரு வசதியான பட்டையில் பள்ளிக்குப் போய்வந்துகொண்டிருக்கிறோம். (ஊற்றுக்குப் போனால் நீர் கொப்பளிக்கும் இடத்தில் கை வைக்க வேண்டாம். தீக்காயம் வேடிக்கையில்லை.)

திசை மாறிய ஆறு

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த வியப்பு இதுதான். அதிகம் பேர் கவனிக்காததும் இதுதான்.

கேமரன் மலை இருப்பது பகாங் மாநிலத்தில். அங்கே பெய்யும் மழை பெர்த்தாம், தெலோம் ஆறுகளில் சேர்ந்து, கிழக்கே ஓடி, பகாங் ஆற்றோடு கலந்து தென்சீனக் கடலுக்குப் போக வேண்டும். இயற்கை வகுத்த வழி அது. ஆனால் அந்த நீரில் பெரும்பகுதி இன்று மேற்கே, நம் பேராக் மாநிலத்துக்கு வருகிறது. மலைக்குள் புகுந்து வருகிறது!

1963இல் ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணை கட்டி முடிக்கப்பட்டது. பேருந்தில் போகும்போது சாலையோரம் நீங்கள் காணும் ரிங்லெட் ஏரி அந்த அணையால் உருவான செயற்கை ஏரிதான். தெலோம் ஆற்று நீரையும் ஒரு சுரங்கக் குழாய் வழியாகத் திருப்பி இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். ஏரியிலிருந்து பல கிலோமீட்டர் நீளத்துக்கு மலையைக் குடைந்த இன்னொரு சுரங்கம். அதன் வழியே நீர் மலைத்தொடரின் மேற்குச் சரிவுக்கு வந்து, 500 மீட்டருக்கும் அதிகமான உயரத்திலிருந்து இறங்கி, மலைக்குள்ளேயே குடைந்து கட்டப்பட்ட ஜோர் மின் நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகிறது. அதோடு விடவில்லை. அதே நீரை ஜோர் நீர்த்தேக்கத்தில் தேக்கி, மறுபடியும் மலைக்குள் அனுப்பி, கீழே வோ மின் நிலையத்தில் இரண்டாவது முறை வேலை வாங்குகிறார்கள். அதன்பிறகே அது பாத்தாங் பாடாங் ஆற்றில் சேர்கிறது. தாப்பாவைக் கடந்து, முடிவில் பேராக் ஆற்றோடு மலாக்கா நீரிணைக்குப் போகிறது. கிழக்குக் கடலுக்குப் போக வேண்டிய மழைத்துளி மேற்குக் கடலில் போய் விழுகிறது.

ஒரு கன மீட்டர் நீரின் நிறை 1,000 கிலோகிராம். அது 500 மீட்டர் இறங்கினால் எவ்வளவு ஆற்றல்? நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்குங்கள்: 1,000 × 9.8 × 500 = 49 லட்சம் ஜூல். மின்கட்டண மொழியில் சொன்னால் ஏறக்குறைய 1.36 கிலோவாட் மணி. உராய்வில் கொஞ்சம் வீணானாலும், ஒரு கன மீட்டர் நீர் ஒரு மின்விசிறியைப் பல மணி நேரம் ஓட்டிவிடும். அடியில் நீரின் அழுத்தம் கடல் மட்டக் காற்றழுத்தத்தைப் போல் கிட்டத்தட்ட 50 மடங்கு. காரின் டயருக்குள் இருப்பதைவிட 20 மடங்குக்கு மேல். அதனால்தான் அங்கே பெல்டன் வகைச் சுழலியைப் பயன்படுத்துகிறார்கள். சக்கரத்தின் ஓரமெங்கும் அகப்பை போன்ற கிண்ணங்கள். அவற்றின்மேல் நீர் பீச்சியடிக்கும். அகலமான ஆறு வேண்டியதில்லை, உயரம் போதும்.

பொதுவாக நீர்மின்சாரம் என்றால் பெரிய ஆறு, மிகப் பெரிய அணை என்று நினைக்கிறோம். சிறிய ஆறுகளை வைத்துக்கொண்டு உயரத்தையே மூலதனமாக்கிய திட்டம் இது.

ஏரிக்குள் வரும் மண்

ரிங்லெட் ஏரியின் நிறத்தைக் கவனித்திருக்கிறீர்களா? மழைக்குப் பிறகு பார்த்தால் டே தாரேக் நிறத்தில் இருக்கும்.

கேமரன் மலையில் ஆண்டுக்கு இரண்டரை மீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. காடு இருக்கும் சரிவில் மழைத்துளி முதலில் இலையில் விழுகிறது, பிறகு சருகில், பிறகுதான் மண்ணில். வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. அதே சரிவை வெட்டிச் சமப்படுத்திக் காய்கறி நட்டால், நடவுக்கும் அறுவடைக்கும் இடையே மண் வெறுமையாகக் கிடக்கிறது. நெருக்கமாக நட்டு வளர்ந்துவிட்ட தேயிலைகூட மண்ணை ஓரளவு மூடிக் காக்கும். வெற்று மண்ணுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. சரிவெங்கும் பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்களில் வேறொரு சிக்கல். கூரையில் விழும் நீர் மண்ணில் ஊறுவதே இல்லை. மொத்தமாகத் திரண்டு, ஒரே பாய்ச்சலில் கால்வாய்க்கு ஓடி, வழியில் உள்ள மண்ணை அள்ளிக்கொண்டு போகிறது.

ஓடும் நீர் மண்ணைச் சுமக்கும். நின்ற நீர் இறக்கி வைத்துவிடும். ஆற்று நீர் ஏரிக்குள் நுழைந்து வேகம் குறைந்ததும் மணலும் வண்டலும் அடியில் படிகின்றன. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இப்படிப் படிந்து படிந்து ஏரியின் கொள்ளளவில் பெரும்பகுதி மண்ணாகிவிட்டது. தூர்வாரிக்கொண்டேதான் இருக்கிறார்கள். மேலிருந்து வருவதும் நின்றபாடில்லை.

இதனால் மின்சாரம் குறைவது மட்டும் என்றால் பரவாயில்லை. பெருமழை பெய்யும்போது வரும் வெள்ளத்தைத் தேக்கி வைக்க ஏரியில் இடம் இருக்க வேண்டும். இடத்தை மண் பிடித்துக்கொண்டால் அணை சீக்கிரமே நிரம்பும், நீரைத் திறந்துவிட்டே ஆக வேண்டும். 2013 அக்டோபர் 23ஆம் தேதி பின்னிரவில், கனமழையின்போது அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் வெள்ளமும் புகுந்தன. மக்கள் உறங்கிக்கொண்டிருந்த நேரம். உயிர்கள் போயின, வீடுகள் இடிந்தன.

தவறு காய்கறி விவசாயிகளுடையது என்று ஒரு வரியில் சொல்லிவிடுவது எளிது. நாம் சந்தையில் வாங்கும் முட்டைக்கோஸும் தக்காளியும் சாலட் கீரையும் பெருமளவு அங்கிருந்துதான் வருகின்றன. அதே விவசாயம் மண்ணைக் காத்துக்கொண்டும் நடக்க முடியும். சரிவுக்குக் குறுக்கே படிக்கட்டுபோல் வயல் அமைப்பது, ஆற்றோரம் மரங்களை விட்டுவைப்பது, அறுவடைக்குப் பின் மண்ணை வைக்கோலாலோ மூடுபயிராலோ போர்த்துவது, தோட்டத்து நீர் ஆற்றுக்குப் போகுமுன் மண் தங்கிப்போக ஒரு குழி வெட்டுவது. இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. நடைமுறைப்படுத்துவதும் கண்காணிப்பதும்தான் கடினம்.

இதை உங்கள் வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் புல்லோடு பெயர்த்தெடுத்த மண், மற்றொன்றில் வெறும் மண். இரண்டையும் ஒரே சாய்வில் வைத்து, கீழே ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடிக் குவளை வையுங்கள். பூவாளியால் இரண்டிலும் ஒரே அளவு நீரைத் தெளியுங்கள். குவளைகளில் சேர்ந்த நீரின் நிறத்தை உடனே குறித்துக்கொள்ளுங்கள். ஓர் இரவு அசையாமல் விட்டு, காலையில் அடியில் படிந்திருக்கும் மண்ணின் உயரத்தை ஓர் அளவுகோலால் அளந்து மில்லிமீட்டரில் எழுதுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுத்தால் நல்லது. ரிங்லெட் ஏரியில் படகில் போய்ப் பொறியாளர்கள் அளப்பதும் இதே உயரத்தைத்தான், அவர்கள் மீட்டரில் எழுதுகிறார்கள்.